பால் போன்ற கழிவுநீரிலிருந்து எண்ணெயைப் பிரிப்பது எப்படி? மெம்பிரேன்களின் கதை

(எபிசோடில் பேசியதை, படிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கி ஒழுங்குபடுத்தித் தந்திருக்கிறோம்.)

இன்னைக்கு எண்ணெய், தண்ணீர், இரண்டுக்கும் நடுவில் நிற்கிற ஒரு மெல்லிய சவ்வு, இந்த மூணைப் பத்திப் பேசப் போறோம்.

"அவங்க ரெண்டு பேரும் எண்ணெயும் தண்ணியும் மாதிரி, ஒட்டவே ஒட்டாது" என்று வீட்டில் சொல்லிக் கேட்டிருப்பீங்க. ஒட்டவே ஒட்டாது என்றால் பிரிக்கிறது சுலபமாத்தானே இருக்கணும்? ஆனா தொழிற்சாலைக் கழிவுநீரைச் சுத்தம் செய்கிறவர்களிடம் கேட்டுப் பாருங்க. அவர்களுடைய பெரிய தலைவலிகளில் ஒன்று இந்த எண்ணெய்தான்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது மணலி தொழிற்பேட்டைப் பக்கமிருந்து வெள்ளத்தோடு சேர்ந்து எண்ணெய் பக்கிங்ஹாம் கால்வாய்க்கு வந்து, கொசஸ்தலை ஆறு, எண்ணூர் கழிமுகம் என்று பரவியது நினைவிருக்கும். படகு, வலை, அலையாத்தி மரம் எல்லாம் கறுப்பு. மீனவர்கள் மக்கிலும் வாளியிலும் எண்ணெயை அள்ளி பேரலில் ஊற்றின படங்களை எல்லாரும் பார்த்தோம். அந்த எண்ணெய் மிதந்தது. மிதந்ததால் கண்ணுக்குத் தெரிஞ்சது. தெரிஞ்சதால் கேமரா வந்தது, கேள்வியும் வந்தது.

நாம இன்னைக்குப் பேசப் போறது மிதக்காத எண்ணெயை. அதை மக்கில் அள்ள முடியாது. பெரும்பாலும் அதைப் படம் எடுக்கவும் யாரும் வர மாட்டாங்க.

துளி எவ்வளவு சிறுசு? அதுதான் முதல் கேள்வி

ரசத்தில் மிதக்கிற எண்ணெய்க் கண்களைக் கரண்டியால் எடுத்துடலாம். அதே எண்ணெயைப் பாத்திரம் கழுவுற சோப்போடு சேர்த்து நல்லா அடிச்சால் தண்ணீர் முழுக்க வெள்ளையாகக் கலங்கிப் போயிடும். எண்ணெய் காணாமல் போகவில்லை. கண்ணுக்குத் தெரியாத துளிகளாக உடைஞ்சிருக்கு. அதற்குப் பேர் எமல்ஷன், தமிழில் பால்மம். அழகான பேர், ஏன்னா பாலே ஒரு எமல்ஷன்தான். தண்ணீருக்குள் சிதறிக் கிடக்கிற கொழுப்புத் துளிகள்.

ஒரு துளி எவ்வளவு வேகமாக மேலே வரும் என்பதற்கு ஸ்டோக்ஸ் விதி என்று ஒன்று இருக்கு. அதில் முக்கியமான விஷயம் ஒன்றே ஒன்று: வேகம், விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. துளி 10 மடங்கு சிறுசானால் வேகம் 100 மடங்கு குறையும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்ணெயின் அடர்த்தி தண்ணீரைவிட 10 சதவீதம் குறைவு என்று வெச்சுக்கலாம். ஒரு மீட்டர் ஆழத் தொட்டி.

150 மைக்ரான் துளி அடியிலிருந்து மேலே வர சுமார் 14 நிமிஷம். 10 மைக்ரான் துளிக்கு இரண்டு நாளுக்கு மேல். 1 மைக்ரான் துளிக்கு ஏறத்தாழ ஏழு மாசம்!

தலைமுடி ஒன்றின் தடிமன் 70 மைக்ரான் அளவில் இருக்கும், ஒப்பிட்டுப் பார்த்துக்கோங்க. சுத்திகரிப்பு ஆலைகளில் ஏபிஐ செபரேட்டர் என்று ஒரு நீளமான தொட்டி இருக்கும். அது இந்த 150 மைக்ரான் துளியை மனசில் வெச்சு வடிவமைச்சது. அதைவிடச் சின்னத் துளிகளுக்கு காற்றுக் குமிழிகளை விட்டு மேலே தூக்குவாங்க, மருந்து போட்டுத் திரள வைப்பாங்க. இதெல்லாம் தாண்டியும் தங்கிவிடுகிற சில மைக்ரான் துளிகளுக்குத்தான் மெம்பிரேன் தேவைப்படுது.

லேத் பட்டறையிலும் இருக்கு

இது பெட்ரோலிய ஆலைகளின் பிரச்சினை மட்டும்தான் என்று நினைக்காதீங்க. எண்ணெய்க் கிணறுகளில் ஒரு பேரல் எண்ணெயோடு உலக சராசரியாக சுமார் 3 பேரல் தண்ணீர் மேலே வருது, உண்மை. ஆனா நமக்குப் பக்கத்திலேயே உதாரணம் இருக்கு. அம்பத்தூர், கோயம்புத்தூர், ஓசூர் பக்கம் சிஎன்சி மெஷின் ஓடுகிற எந்தப் பட்டறைக்குள் போனாலும், இரும்பை வெட்டுற இடத்தில் வெள்ளையாகப் பால் மாதிரி ஒன்று ஊற்றிக்கிட்டே இருக்கும். அதுதான் கூலன்ட். பொதுவாக 5 முதல் 10 சதவீதம் எண்ணெய், மீதி தண்ணீர், நடுவில் இரண்டையும் சேர்த்துப் பிடிச்சிருக்க எமல்சிஃபையர்.

இங்கதான் சிக்கல். கூலன்ட் செய்கிற கம்பெனி, எண்ணெயும் தண்ணீரும் பிரியவே கூடாது என்று கஷ்டப்பட்டு அதைத் தயாரிச்சிருக்கு. சில மாசத்தில் அது நாற்றம் அடிச்சு வீணாகும்போது, பிரிச்சே ஆகணும் என்று சட்டம் சொல்லுது.

சட்டம் எவ்வளவு கேட்குது? இந்தியாவில் பொதுவான விதிப்படி ஆறு, ஏரி போன்ற உள்நாட்டு நீர்நிலையில் விடும் கழிவுநீரில் எண்ணெயும் கிரீஸும் லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. பாதாளச் சாக்கடையில் விடுவதென்றால் 20. 10 மில்லிகிராம் எவ்வளவு என்று புரியணும்னா, 12,000 லிட்டர் தண்ணி லாரியை நினைச்சுக்கோங்க. அந்த லாரி முழுக்கச் சேர்த்து 120 கிராம். ஒரு டம்ளர் எண்ணெய்கூட முழுசா வராது. 5 சதவீத எண்ணெய் இருக்கிற கூலன்ட் அதே லாரியில் வந்தால் உள்ளே 600 லிட்டர் எண்ணெய் இருக்கும். 600 லிட்டரை ஒரு டம்ளருக்குள் கொண்டு வரணும்!

சல்லடைதான், ஆனா சல்லடை மட்டும் இல்லை

மெம்பிரேன் என்றால் ரொம்பச் சின்ன ஓட்டைகள் உள்ள சல்லடை என்று சொல்வாங்க. பாதி சரி. அல்ட்ராஃபில்ட்ரேஷன் மெம்பிரேனின் ஓட்டை சுமார் 0.01 முதல் 0.1 மைக்ரான். துளி 1 மைக்ரான். அப்போ துளி நுழையாது, கதை முடிஞ்சது என்று தோணும்.

ஆனா எண்ணெய்த் துளி மணல் துகள் மாதிரி கெட்டியானது இல்லை. அழுத்தினால் வளையும், நீளும், சின்ன ஓட்டைக்குள்ளும் பிதுங்கி நுழையும். அதைத் தடுக்கிறது எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் நடுவிலுள்ள பரப்பு இழுவிசை. துளி உருண்டையாகவே இருக்கணும் என்று அடம் பிடிக்க வைக்கிறது அதுதான்.

இதையும் எண்ணில் பார்ப்போம். 0.1 மைக்ரான் ஓட்டை, எண்ணெயைத் தன்மேல் ஒட்டவே விடாத நல்ல மெம்பிரேன். சோப்பு எதுவும் இல்லாவிட்டால் துளியை உள்ளே தள்ள சுமார் 8 பார் அழுத்தம் வேணும். பைக் டயருக்குள் இருக்கிறது கிட்டத்தட்ட 2 பார். ஆக, நிறைய பாதுகாப்பு இருக்கு. இப்போ எமல்சிஃபையர் சேருது. பரப்பு இழுவிசை பத்தில் ஒரு பங்காகக் குறையுது. தள்ளுவதற்கு 0.8 பார் போதும்! பம்ப்பை 2 பாரில் ஓட்டினீங்கன்னா, சல்லடையைவிடப் பெரிய துளி சல்லடை வழியாக நைசாக நழுவிப் போயிடும்.

சோப்பு செய்கிற இரட்டை வேலை இது: துளியைச் சின்னதாக்குது, சின்ன ஓட்டையில் நுழையவும் வழி செய்யுது. இதைவிட மோசம், மெம்பிரேனுக்கே எண்ணெய் பிடிக்கும் என்றால், தள்ளவே வேண்டாம், எண்ணெய் தானாக ஊறிப் போகும். அதனால் ஓட்டை எவ்வளவு பெருசு என்பதோடு, ஓட்டையின் சுவர் எதனால் ஆனது என்பதும் முக்கியம்.

பாலிமர்: விலை குறைவு, பழக்கம் சரியில்லை

இன்னைக்கு அதிகம் பயன்படுகிற பொருட்களில் ஒன்று பிவிடிஎஃப். நான்-ஸ்டிக் தவாவில் இருக்கிற டெஃப்லானுக்கு ஒரு சொந்தக்காரர் மாதிரி, ஃப்ளோரின் உள்ள பிளாஸ்டிக். கூடவே பாலிஈதர்சல்ஃபோன், பாலிஅக்ரிலோநைட்ரைல் போன்றவர்களும் உண்டு.

செய்முறை ரசிக்கும்படி இருக்கும். பிளாஸ்டிக்கை ஒரு கரைப்பானில் கரைச்சு மாவு பதத்துக்குக் கொண்டு வருவாங்க. இடியாப்பம் பிழிவது மாதிரி நூல் நூலாகப் பிழிவாங்க, ஆனா ஒவ்வொரு நூலுக்கும் நடுவில் குழாய் மாதிரி துளை இருக்கும். அது தண்ணீரில் விழுந்ததும் கரைப்பான் வெளியே போகும், தண்ணீர் உள்ளே வரும், பிளாஸ்டிக் சட்டென்று கெட்டியாகும். கரைப்பான் இருந்த இடமெல்லாம் ஓட்டை. மேலே மெல்லிய தோல், கீழே பஞ்சு மாதிரி உடம்பு. இந்த மாதிரி இரட்டை அமைப்புள்ள சவ்வை 1960 வாக்கில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் உருவாக்கியவர்கள் சிட்னி லோப், இந்தியாவில் பிறந்த ஸ்ரீநிவாச சௌரிராஜன் என்ற இரண்டு பேர். அவங்க செஞ்சது கடல்நீரைக் குடிநீராக்க, செல்லுலோஸ் அசிடேட்டில். உங்க வீட்டு ஆர்ஓ மெஷினின் முன்னோர் அதுதான்.

பிவிடிஎஃப்பில் என்ன குறை? அதற்குத் தண்ணீரைவிட எண்ணெய் மேல்தான் பாசம். துளி வந்து மோதினால் விரிஞ்சு ஒட்டிக்கும். கொஞ்ச நேரத்தில் ஓட்டைகள் அடைச்சுக்கும். இதற்குப் பேர் ஃபவுலிங். அடைப்பை எடுக்கச் சூடான காஸ்டிக் சோடா விட்டுக் கழுவலாம் என்றால், கடுமையான காரத்தில் பிவிடிஎஃப்பே பழுப்பாகிச் சிதைய ஆரம்பிக்கும்.

அதனால் தண்ணீரை விரும்பும் இன்னொரு பாலிமரை மாவிலேயே கலப்பாங்க. அல்லது மேலே ஒரு பூச்சு பூசுவாங்க. 2007-ல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் கடல் சிப்பி பாறையில் ஒட்டுற பசையைப் பார்த்து, பாலிடோபமின் என்ற பூச்சை அறிமுகப்படுத்தினாங்க. ஏறக்குறைய எந்தப் பரப்பிலும் ஒட்டும், தண்ணீரையும் விரும்பும். அதன் பிறகு மெம்பிரேன் ஆராய்ச்சியில் அது இல்லாத இடமே இல்லை என்கிற அளவுக்குப் பரவிடுச்சு.

செராமிக்: சூளையில் சுட்ட சல்லடை

இரண்டாவது குடும்பம் செராமிக். அலுமினா, டைட்டானியா, சிர்கோனியா, சிலிக்கான் கார்பைடு. பொடியைப் பிசைஞ்சு, குழாயாக அச்சில் இழுத்து, சூளையில் சுடுவாங்க. பானை செய்கிற அதே அடிப்படைதான், வெப்பம் மட்டும் ரொம்ப அதிகம். உள்ளே பெரிய ஓட்டைகள் உள்ள உடம்பு, அதன் மேல் படிப்படியாகச் சின்ன ஓட்டைகள் உள்ள பூச்சுகள்.

இதன் பூர்வீகம் யுரேனியம் செறிவூட்டல். வாயு வடிவ யுரேனியத்தைப் பிரிக்க அணுசக்தித் திட்டங்களுக்காகச் செய்த நுண்துளைக் குழாய்கள்தான் பிற்பாடு பால் பண்ணைக்கும் கழிவுநீருக்கும் வந்து சேர்ந்தன.

செராமிக்கின் பலம் இதுதான்: இயல்பிலேயே தண்ணீரை விரும்பும். சூடு தாங்கும். அமிலம், காரம் இரண்டையும் போட்டுத் தேய்த்துக் கழுவலாம். பலவீனம்? விலை பல மடங்கு, எடை அதிகம், கீழே விழுந்தால் உடையும்.

செராமிக் எல்லாம் ஒன்று போலவும் இல்லை. தண்ணீரிலுள்ள எண்ணெய்த் துளிகளுக்குப் பொதுவாக எதிர்மின் தன்மை இருக்கும். அலுமினா சாதாரண பிஹெச்சில் நேர்மின் பக்கம் நிற்கும், அதனால் துளியை வா வா என்று இழுக்கும். சிலிக்கான் கார்பைடு எதிர்மின் பக்கம், அதனால் துளியைத் தள்ளிவிடும். அடைப்பு குறையும். எண்ணெய்க் கழிவுநீர் என்றாலே சிலிக்கான் கார்பைடு பேர் அடிபடுவதற்குக் காரணம் இதுதான். ஆனா கழிவுநீரில் நேர்மின் தன்மையுள்ள சோப்பு கலந்திருந்தால் கணக்கே தலைகீழாகும். எந்தப் பொருள் சிறந்தது என்று தண்ணீரைப் பார்க்காமல் யாரும் சொல்ல முடியாது.

ஓட்டுகிற விதமும் முக்கியம். ஃபில்டர் காபி போடும்போது தண்ணீர் நேராகக் கீழே இறங்கும், தூள் மேலே படியும். கழிவுநீரை அப்படி விட்டால் எண்ணெய் சீக்கிரம் அடைச்சுக்கும். அதனால் குழாய்க்குள் தண்ணீரை வினாடிக்குச் சில மீட்டர் வேகத்தில் பரப்பை உரசிக்கிட்டே ஓட விடுவாங்க. சுத்தமான தண்ணீர் பக்கவாட்டில் சுவர் வழியே கசியும். ஓடுகிற தண்ணீர் படிகிற எண்ணெயை அரிச்சுக்கிட்டே போகும். இதற்குக் கட்டணம் கரண்ட் பில்லில் வரும்.

தாமரை இலையா, மீன் செதிலா?

இப்போ ஆய்வகத்துக்குப் போவோம். "தாமரை இலைத் தண்ணீர்" என்று பட்டும் படாமலும் இருப்பதைச் சொல்வோம் இல்லையா? அந்த இலையின் நுண்ணிய மேடு பள்ளமும் மெழுகும்தான் காரணம். 2004-ல் சீனாவில் லெய் ஜியாங் குழுவினர் இதே தத்துவத்தில் ஒரு கம்பி வலைக்கு டெஃப்லான் பூச்சு போட்டாங்க. எண்ணெய் வலை வழியாக இறங்கிப் போகும், தண்ணீர் மேலேயே நிற்கும். வீடியோவில் பார்க்க மேஜிக் மாதிரி இருக்கும்.

ஆனா யோசிச்சுப் பாருங்க. எண்ணெய் மிதக்கும், தண்ணீர் கீழே இருக்கும். வலையைத் தொடுறது தண்ணீர்தான், எண்ணெய் வலை பக்கமே வராது. மேலும் வலை எண்ணெயை விரும்புவதால் பிசுபிசுத்து அடைச்சுக்கும்.

அதே குழு பிறகு மீனைப் பார்த்தது. எண்ணெய் கலந்த தண்ணீரிலும் மீனின் செதிலில் எண்ணெய் லேசில் ஒட்டுவதில்லை. காரணம், செதில் தன் மேடு பள்ளங்களில் தண்ணீரைப் பிடிச்சு வெச்சுக்குது. எண்ணெய் வந்து தொடுறது செதிலை இல்லை, அந்தத் தண்ணீர்ப் படலத்தைத்தான். 2011-ல் கம்பி வலையில் ஹைட்ரோஜெல் பூசி இதைச் செய்து காட்டினாங்க. இப்போ தண்ணீர் கீழே இறங்கும், எண்ணெய் மேலே நிற்கும். பம்ப்பே வேண்டாம், புவியீர்ப்பு போதும்.

அருமையான யோசனை. ஆனா கம்பி வலையின் ஓட்டை பல பத்து மைக்ரான். 1 மைக்ரான் கூலன்ட் துளிக்கு அது திறந்த கேட். அதனால்தான் இந்த மீன் செதில் தத்துவத்தைச் சின்ன ஓட்டை உள்ள பிவிடிஎஃப், செராமிக் மேல் கொண்டு வர இன்னைக்கு இவ்வளவு ஆராய்ச்சி நடக்குது.

99 சதவீதம் என்றால் நம்பலாமா?

நம்ம ஐடி ஆட்களுக்குப் புரிகிற மாதிரி சொல்றேன்: டெமோவில் ஓடினது புரொடக்ஷனில் ஓடணும். "99 சதவீத எண்ணெயை நீக்கும் புதிய மெம்பிரேன்" என்று செய்தி வந்தால் மூணு கேள்வி கேளுங்க.

ஒன்று, உள்ளே எவ்வளவு இருந்தது? லிட்டருக்கு 5,000 மில்லிகிராம் இருந்து 99 சதவீதம் போனால், மீதி 50. விதி சொல்வது 10. ஐந்து மடங்கு தாண்டியாச்சு!

இரண்டு, எந்த எண்ணெய்? சுத்தமான தண்ணீரில் எண்ணெயை ஊற்றி, சாயம் போட்டு, உடனே பிரிச்சுக் காட்டுறது ஒரு வகை. மாசக்கணக்கில் ஓடின கூலன்ட்டில் இரும்புத் தூள், பாக்டீரியா, உப்பு, கிரீஸ் எல்லாம் இருக்கும். அது வேற வகை.

மூணு, முப்பதாவது நாள் எப்படி இருக்கு? முதல் மணி நேரத்து ஓட்ட வேகம் எல்லாருக்கும் நல்லாத்தான் இருக்கும். பல முறை கழுவின பிறகு பழைய வேகம் எவ்வளவு திரும்ப வருது என்பதுதான் பட்டறைக்காரருக்கு வேண்டிய நம்பர்.

பிரிச்ச பிறகு?

மெம்பிரேன் எண்ணெயை அழிக்காது. இடம் மாற்றும், அவ்வளவுதான். 5 சதவீத எண்ணெய் உள்ள 1,000 லிட்டர் கூலன்ட்டை, எண்ணெய் பாதி தண்ணீர் பாதி என்ற அளவுக்குச் செறிவாக்கினால் 900 லிட்டர் தண்ணீர் ஒரு பக்கம் வரும், 100 லிட்டர் கெட்டிக் கழிவு இன்னொரு பக்கம் நிற்கும். 2016-ன் அபாயகரக் கழிவு விதிகளின் கீழ் அந்த 100 லிட்டர் அபாயகரக் கழிவு. அனுமதி பெற்றவரிடம்தான் கொடுக்கணும். 1,000 லிட்டரை லாரியில் அனுப்புவதற்குப் பதில் 100 லிட்டர் அனுப்பினால் போதும் என்பதில்தான் பட்டறையின் லாபம் இருக்கு.

அந்த 900 லிட்டரும் குடிக்கிற தண்ணீர் கிடையாது. பென்சீன், ஃபீனால் மாதிரி தண்ணீரில் கரைஞ்சே போன பொருட்கள் அல்ட்ராஃபில்ட்ரேஷனில் நிற்காது. அதற்கு நுண்ணுயிர்த் தொட்டி, கார்பன் என்று அடுத்த கட்டம் வேணும். ஆர்ஓ வைக்கிறதாக இருந்தால் எண்ணெய் முன்னாடியே போயிருக்கணும், இல்லைன்னா ஆர்ஓ சவ்வு வீணாகும்.

இன்னொரு கேள்வியும் வந்திருக்கு. பிவிடிஎஃப்பில் ஃப்ளோரின் இருக்கு. 2023-ல் ஜெர்மனி, நெதர்லாந்து, டென்மார்க், ஸ்வீடன், நார்வே ஐந்தும் சேர்ந்து, சுற்றுச்சூழலில் லேசில் அழியாத பிஎஃப்ஏஎஸ் வகைப் பொருட்களுக்குப் பரந்த தடையை ஐரோப்பாவில் முன்மொழிஞ்சாங்க. பிவிடிஎஃப் போன்ற ஃப்ளோரோபாலிமர்களும் அந்த வட்டத்துக்குள் வருது. தண்ணீரைச் சுத்தம் செய்கிற பொருளே நாளைக்குக் கழிவாகும்போது என்ன ஆகும் என்று கேட்க வேண்டிய காலம்.

கடைசியா

நிறைய தண்ணீர், கொஞ்சம் எண்ணெய், மிதமான சூடு என்றால் பாலிமர் தாக்குப் பிடிக்கும். சூடு, காரம், கெட்டி எண்ணெய் என்றால் விலை கொடுத்தாலும் செராமிக் நின்னு விளையாடும். மிதக்கிற எண்ணெய்க்கு மெம்பிரேனே வேண்டாம், தொட்டி போதும்.

தொழில்நுட்பம் இருக்கு என்பது இப்போ தெரியும். மிச்சம் இருக்கிறது காசும் கண்காணிப்பும். இரண்டு மெஷின் வெச்சிருக்கிற பட்டறையால் தனியாக ஒரு செராமிக் யூனிட் வாங்க முடியாது. நாலு தெரு சேர்ந்து ஒன்று வெச்சால் முடியும். அது நடக்காத இடத்தில் ராத்திரி நேரத்தில் வெள்ளையாக ஏதோ கால்வாயில் போகும். பால் மாதிரி கலந்து, மிதக்காமல், யார் கண்ணிலும் படாமல் கழிமுகத்துக்குப் போய்ச் சேரும். அங்கே வலை வீசுகிறவர்களுக்கு அதை அள்ள ஒரு வாளிகூட உதவாது.

உங்க ஏரியாவில் பட்டறை நடத்துகிறவர்கள் பழைய கூலன்ட்டை என்ன பண்றாங்க என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்க. பதிலை எங்களுக்கு எழுதுங்க, சேர்த்து வெச்சு இன்னொரு எபிசோடில் பேசலாம்.